கால் சுற்றுக் குறைவு

ஆகஸ்டிலேயே தொடங்கிவிடுகிறது எங்கள் குளிர்காலம்.
வெளியே முப்பத்தொரு டிகிரி, தார் இளகுகிறது.
நாங்கள் மட்டும் கம்பளியைக் கக்கத்தில் இடுக்கியபடி
மாங்டன் அரங்கின் கதவைத் தள்ளுகிறோம்.
டிக்கெட் கிழிப்பவன் சிரிக்கிறான்.
சிரிக்கட்டும்.

கிலேன், பல் மருத்துவமனையில் வரவேற்பாளர்.
வெண்டல், விபத்தான கார்களுக்கு நஷ்டக் கணக்குப் போடுபவன்.
நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
மூவருக்கும் பொதுவாக ஒருத்தி:
பாத்தர்ஸ்ட் ஊர்க்காரி, பத்தொன்பது வயது,
மைக்கா ஆஷே.
அவளுக்கு எங்களைத் தெரியாது.
அவளுடைய இடது காலணியின் வெளிவிளிம்பு
எங்களுக்கு அத்துபடி.

லுட்ஸ் என்பது
வந்த வளைவுக்கு எதிராகத் தாவுவது.
உடம்பு ஒரு பக்கம் போக ஆசைப்பட
அதன் பேச்சைக் கேளாமல்
மறுபக்கம் மூன்று முறை சுழல்வது.
மூலையை நோக்கி அவள் பின்புறமாக வழுக்கி வரும்
அந்த நீண்ட கோட்டில்
நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வோம்.
பிறகு அவள் விழுவாள்.
தொலைக்காட்சியில் கேட்காது அந்தச் சத்தம்.
ஈரத் துண்டைச் சுவரில் அறைந்தாற்போல் இருக்கும்.

ஒவ்வொரு போட்டிக்கும் கிலேன்
ஒரு சிவப்புச் சிங்கி இறால் பின்னுவாள்,
கறுப்புப் பொத்தான் கண்களோடு.
ஆட்டம் முடிந்ததும் பனித்தளத்தில் எறிவாள்.
குறி சரியில்லை;
ஒருமுறை நடுவரின் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்துவிட்டது.

நவம்பரில் ஜப்பான்.
அங்கே மாலை, இங்கே விடியாத ஆறு மணி.
எஞ்சினைச் சூடேறவிட்டு
ஸ்டீயரிங்மேல் கைபேசியைச் சாய்த்து வைத்திருந்தேன்.
முதல் நிறுத்தத்தில் ஏறிய பையன்
என் முகத்தைப் பார்த்துக் கேட்டான்:
"யாராவது செத்துட்டாங்களா?"
"இல்லடா. கால் சுற்று குறைஞ்சுபோச்சு."
மதிப்பெண் தாளை இரவெல்லாம் படித்துவிட்டு
வெண்டல் அழைத்தான்.
"வெளியேதான் நசுங்கல். சட்டம் வளையல.
ஓடும்."

ஜனவரி, சஸ்கட்டூன், மைனஸ் முப்பத்தாறு.
மூவருக்கும் ஒரே அறை. சோபாவில் வெண்டலின் குறட்டை.
தேசியப் போட்டியில் நான்கு நிமிடம்,
அதே மூலை,
அதே நீண்ட கோடு,
பிடித்துக்கொண்டோம்.

இரண்டே சுற்று.
துணியை மடித்து அலமாரியில் வைப்பதுபோல்
லேசாக, சுத்தமாக இறங்கினாள்.
எதுவும் விழவில்லை.
அரங்கம் எழுந்து நின்றது.
நான்காம் இடம், அவள் இதுவரை எட்டாத உயரம்.
கிலேன் அழுதாள், அன்றைக்கு இறாலும் நேரே போய் விழுந்தது.
நானும் கைதட்டினேன்.
பிடித்துவைத்த மூச்சை எங்கே இறக்கிவைப்பதென்று
தெரியாமல் கைதட்டினேன்.

இரவு சூப் கடையில் வெண்டல் சொன்னான்:
"ஆறு மாசமா
அவ விழறதப் பாக்கத்தான் வந்தோமோ?"
கிலேன் மிளகை அதிகமாகத் தூவிக்கொண்டாள்.
ஜன்னலில் எங்கள் மூச்சு படிந்து
தெரு தெரியாமல் போயிருந்தது.

மார்ச்சில் உலகப் போட்டி. அணியில் அவள் இல்லை.
யார் யாருக்கோ கைதட்டினோம், வஞ்சகமில்லாமல்,
ஆனால் உட்கார்ந்தபடியே.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்.
மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைச் சறுக்கக் கூட்டிப்போனேன்,
பாத்தர்ஸ்டின் நகராட்சி அரங்குக்கு.
அடுத்த வாரம் பனியை உருக்கிவிடுவார்களாம்.
பிள்ளைகள் தடுப்பைப் பிடித்துத் தத்தளிக்க
மறுகோடியில், கிழிந்த சட்டை, இசை இல்லை,
அவள்.

கோடு. தாவல். ஈரத் துண்டு.
எழுந்தாள், இடுப்பைத் தட்டிக்கொண்டாள், மீண்டும் கோடு.
மூன்று சுற்று. மூன்றேதான், இரண்டல்ல.
நடுவில் தடுப்போரம் வந்து
சக்கரக் கத்திபோல் மின்னும் இரும்பை
எதையோ கொண்டு துடைத்தாள்.
சிவப்பாக இருந்தது.
ஒரு கண் இல்லை.
கிலேனிடம் இன்னும் சொல்லவில்லை.

பதினோரு முறை விழுந்தாள்.
பன்னிரண்டாவதற்குக் கோடு இழுக்கத் தொடங்கியபோது
மணி இரண்டரை,
பிள்ளைகளை வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது.