எழுபத்திரண்டு

டுலூத்தில் இருந்த ஸ்கேன் இயந்திரம்
என் தோளுக்குப் போதவில்லை.
ஐம்பது மைல் தள்ளி
குதிரைகளையும் படுக்கவைக்கிற இடம் ஒன்று உண்டு
என்று சொல்லிவிட்டு, சிரிக்கலாமா என்று நர்ஸ் யோசித்தாள்.
நான் சிரித்தேன்.
இடுப்பு இழுத்தது. நிறுத்திக்கொண்டேன்.

படத்தில் என் முதுகெலும்பு
உறைந்த ஏரியில் யாரோ ஊன்றிவிட்டுப் போன
தூண்டில் கழிகள் போல லேசாகச் சாய்ந்து.
கடைசி இடுக்கில் கறுப்பாய் ஒரு பிதுங்கல்.
பற்பசையை நடுவில் பிடித்து அமுக்கினாற்போல,
என்றார் டாக்டர் வெஸ்டர்கார்ட்.

அமுக்கியவர்களை எனக்குத் தெரியும்.
பெயரைவிட எண்ணாகத் தெரியும்.
தொண்ணூற்றொன்று. ஐம்பத்தைந்து.
மழை நாளில் மட்டும் உள்பக்கம் வெட்டி வருகிற
அந்தத் தொண்ணூற்றேழு.

பந்தைத் தொடுவது என் வேலை அல்ல.
ஒன்பது வருடத்தில் இரண்டு முறை தொட்டேன்,
இரண்டும் தவறுதலாக.
என் வேலை பின்வாங்குவது.
முகம் திருப்பாமல், குதிகால் தரையைத் தேட,
வருகிறவன் நெஞ்சில் இரண்டு கையையும் ஊன்றி
மூன்று விநாடி.
அதற்குள் பின்னால் நிற்கிறவன் எறிந்துவிட வேண்டும்.
எவனுக்கும் புறமுதுகு காட்டியதில்லை.
காயம் மட்டும் முதுகில்.

டாக்டர் இரண்டு விரலை நீட்டினார்.
ஒன்று, பிதுங்கியதை மட்டும் நறுக்கி எடுப்பது.
ஆகஸ்டில் முகாமுக்குப் போகலாம்.
அந்தப் "போகலாம்"-இல் அவர் குரல்
படியிறங்கி எங்கோ போய்விட்டது.
இரண்டு, திருகாணி போட்டு இரண்டு எலும்பை ஒன்றாக்குவது.
குனியலாம், மகளைத் தூக்கலாம், பனி வழிக்கலாம்.
விளையாட்டைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.
மூன்றாவது விரல் என்னுடையது:
ஊசி போட்டுக்கொண்டு இன்னும் ஒரு வருடம்.

மார்ச் பதினைந்து வரை வாயைத் திறக்காதே,
என்றான் ஏஜென்ட்.
பட்டியலில் பெயர் இருந்தால் பாதிப் பணம் கைக்கு வரும்.

மாரிட் மாவட்டத்தின் பனிவண்டிகளை
இரவெல்லாம் ரேடியோவில் மேய்ப்பவள்.
விடிகாலை வந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.
இடது கட்டைவிரலைத் தூக்கு, என்றாள்.
தூக்கினேன்.
தூக்கு.
தூக்கியாச்சு, என்றேன்.
இருவரும் பார்த்தோம்.
அது அசையாமல் இருந்தது,
வேறு யாருடையதோ போல.

சனிக்கிழமை டெசரிக் வந்தான்,
என் பின்னால் நின்று எறிகிறவன்.
மீன் வாங்கி வந்திருந்தான், காகிதத்தில் சுற்றி.
ஆறு வருடமாக அவன் பார்த்ததெல்லாம்
எழுபத்திரண்டும் அதன் மேலே என் குடும்பப் பெயரும்தான்.
நாற்காலியில் உட்காராமல் சொன்னான்:
அக்டோபரிலேயே தெரியும் எனக்கு.
அந்த இரண்டு இடது பக்கம் சரிந்திருந்தது.
நீயே சொல்வாய் என்று இருந்தேன்.

சொல்லியிருந்தால் அடுத்த வாரம்
அவன் முன்னால் வேறொரு முதுகு.
அது மூன்று விநாடி தாங்குமோ என்னவோ.
இதை அவனும் சொல்லவில்லை.
மீன் காகிதத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.
போகும்போது என் தோளைத் தட்ட வந்தவன்
எங்கே தொடுவதென்று தெரியாமல்
கதவு நிலையைத் தட்டிவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை போன் செய்தேன்.
திருகாணி, என்றேன்.
இன்னொரு தடவை சொல்லுங்கள், என்றார் டாக்டர்.
சொன்னேன்.

ஆஸ்பத்திரி உடுப்பு பின்பக்கம் திறந்தது.
ஊதா மையால் இடுப்பில் யாரோ கோடு கிழித்தார்கள்.
எடை என்ன, என்று கேட்டாள் மயக்க மருந்துக்காரி.
நூற்று நாற்பத்தெட்டு, என்றேன்,
அணிப் பட்டியலில் இருப்பது.
பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டு
என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
நூற்று முப்பத்தொன்பது,
என்றேன்.