பச்சை நகல் 2

எபநேசர் கேட்டது சின்ன வேலைதான்.
"ஒன்பது சென்ட், பள்ளத்தாக்கு பார்த்த மனை.
எதிர்மலையில் அந்தச் சிவப்பு மட்டும் கண்ணை உறுத்துது,
கொஞ்சம் பார்த்துப் பண்ணுங்க."

கோத்தகிரி பஸ் நிலையத்துக்கு எதிரே
பேக்கரிக்கு மேல் என் அறை.
வர்க்கி வேகும் சூடு தரைவழியே ஏறும்.
ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன்.

சிவப்பு என்றால் மண்.
ஐப்பசியில் ஒரு ராத்திரி இறங்கியது.
நூறு சதவீதத்தில் வெறும் சரிவு.
நானூறில்
சிமெண்ட் படி மூன்று, எந்த வீட்டுக்கும் ஏறாத படி,
பக்கத்தில் நீலத் தண்ணீர் டிரம்,
மூடி போட்டு
மூடிமேல் கல் வைத்து.

அடுத்த மலையின் தேயிலையை நகலெடுத்து
மேலே ஓர் அடுக்காக விரித்தேன்.
அதற்கொரு மாஸ்க், முழுக்கக் கறுப்பு.
கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும்,
இந்தத் தொழிலில் வேதம் அவ்வளவே.
வெள்ளைத் தூரிகை, மெத்தென்ற விளிம்பு, முப்பது சதவீதம்.
ஒரு தடவலில் மண் வெளிறியது.
இரண்டில் படிகள் போயின.
டிரம்முக்குத்தான் ஆறேழு தடவல் ஆனது.

வரிசை தப்பாத தேயிலை.
நிழல் விழும் திசையைக்கூடத் திருப்பிவைத்தேன்.
எனக்குக் கை சுத்தம் என்று ஊரில் பேர்.

வாங்குகிறவர் ஈரோட்டுக்காரர்.
அவர் மகள் பெரிய அளவில் படம் கேட்கிறாளாம்,
டிசைன் படிக்கிறாளாம்.
"அனுப்பிடுங்க" என்றார் எபநேசர், போனில், டீ உறிஞ்சியபடி.

அன்று சாயங்காலம் கரண்ட் போனது.
யூ.பி.எஸ். கத்த ஆரம்பித்தது.
அவசரத்தில் அடுக்குகளை ஒன்றாக்க மறந்து
அப்படியே அனுப்பிவிட்டேன்
என்று எபநேசரிடம் சொன்னேன்.

யூ.பி.எஸ். பதினைந்து நிமிடம் தாங்கும்.
ஒன்றாக்க இரண்டு நொடி.

அடுக்கின் பெயரைக்கூட மாற்றவில்லை.
பெயருக்கு இடப்பக்கம் சின்னதாய் ஒரு கண்.
அதைத் தொட்டால் கண் மூடிக்கொள்ளும்,
மலை திறந்துகொள்ளும்.
டிசைன் படிக்கிறவளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம்.
தொடுவாளா என்பதுதான் தெரியவில்லை.

மூன்று நாளாயிற்று. ஈரோட்டிலிருந்து பேச்சில்லை.
எபநேசர் மீதிப் பணம் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

என் கணினியில் கோப்பு இன்னும் திறந்தே கிடக்கிறது.
நானூறில் வைத்துப் பார்க்கிறேன்.
யாரோ அந்தக் கல்லைத்
தேடி எடுத்து வந்து வைத்திருக்கிறார்கள்,
ராத்திரிக் காற்றுக்கு
மூடி பறந்துவிடும் என்று.