கட்டம் போட்ட சட்டை

கடலூர் ஓ.டி. ஐஸ் கம்பெனியில்
பார் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன் அப்போது.
மணியார்டர் வந்த காலையில்
அமோனியா குழாய் எங்கோ கசிந்து
எல்லோரும் வெளியே நின்றிருந்தோம், கண் எரிய.

'தெய்வமணி யாருப்பா இங்க?'

அச்சிலேயே என் பெயரின் நடுவில்
இரண்டு எழுத்து உதிர்ந்திருந்தது.
கு. தெய்வசிகாமணியும் அந்த ஆளும் ஒருவர்தான் என்று
மேனேஜர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.
போட்ட கையோடு கேட்டார்,
'ஏதுடா அறுபது ரூபா? சீட்டு கீட்டு கட்டறியா?'

கிழித்துத் தந்த துண்டில் ஒரே வரி:
தங்கள் சிறுகதைக்கான சன்மானம்.
தபால்காரர் அதைச் சத்தமாகப் படித்தார்.
என் கண்ணில் நீர் வழிந்தது.
அமோனியாவென்றே
எல்லோரும் நம்பினார்கள்.

கதை அஞ்சலாட்சியுடையது.
வேம்பு போன கட்டுமரம் மட்டும்
கரை ஒதுங்கிய ஐப்பசியில்
தினமும் எங்கள் கேட்டுக்கு வருவாள்,
உடைந்த ஐஸ் கேட்டு,
மீனில்லாத கூடையோடு.
எதற்கென்று நான் கேட்டதில்லை.
கேட்காமலேயே எழுதினேன்
எட்டுப் பக்கம்.

மூன்றாம் நாள் வந்து நின்றாள்.
சோனாங்குப்பத்து டீச்சர் படித்துக் காட்டினாளாம்.
'எவ்ளோ குடுத்தாங்க?'
'அறுபது.'
'எம் பங்கு எங்க?'

சிரிக்கவில்லை அவள்.
அதற்குள் மஞ்சக்குப்பத்தில் பதினெட்டு ரூபாய்க்கு
ஒரு பேனா வாங்கிவிட்டிருந்தேன்;
தபால்காரருக்கு இரண்டு,
லோடு ஏற்றும் கபூர் பாய் கூட்டத்துக்கு டீ, வடை ஒன்பது.
மிச்சத்தில் முப்பதை எண்ணிக் கொடுத்தேன்.
திரும்ப எண்ணி
இடுப்பில் செருகிக்கொண்டு போனவள்
கேட்டருகே நின்றாள்.

'நீலச் சட்டைன்னு எழுதியிருக்க.
கட்டம் போட்டது அது. பச்சையும் வெள்ளையும்.
காலர்ல கிழிசல்.
தச்சித் தர்றேன்னு சொல்லிட்டே இருந்தேன்.
கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?'

கையில் ஒரு ரூபாய் இருந்தது.
அன்று சாயங்காலமே
உப்பனாற்றில் படகேறினேன், கேட்டுவிட.
அக்கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள்
நிமிர்ந்து பார்த்தார்கள்.
இறங்காமல்
அதே படகில் திரும்பினேன்;
படகுக்காரன் போகவர இரண்டுக்கும் எடுத்துக்கொண்டு
நாலணா மீதி கொடுத்தான்.

அப்புறம் எவ்வளவோ வந்தது,
செக்காக, நேரே வங்கிக் கணக்கில்,
பெயரில் ஓரெழுத்தும் குறையாமல்.
தொகை ஒன்றும் ஞாபகமில்லை.

ஐஸ் எதற்கென்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.