வெள்ளை ஓரம்

ராஸ் அல் கைமா, 1820. ரபியுல் அவ்வல் மாதம்.

மாதம் பதினெட்டு ரூபாய், அரிசி தனி.
அதற்குத்தான் பம்பாயில் கப்பலேறினேன்,
பக்கீர் நெய்னா, நாகூர்,
கம்பெனியின் துபாஷி.
அரபு மதரசாவில் கற்றது,
இங்கிலீஷ் சுங்கச் சாவடியில் வசவு வாங்கிக் கற்றது.
இரண்டுக்கும் நடுவில் நிற்பவனை
இரண்டு பக்கமும் நம்புவதில்லை.
சரிதான்.

கோட்டை விழுந்து ஒரு மாதம்.
கரையில் கரிவாடை இன்னும் போகவில்லை.
மலபார்த் தேக்கு.
கண்ணை மூடிக்கொண்டும் சொல்வேன்,
எங்கள் மரக்கலங்களும் அதே மரம்.

கூடாரத்தில் மேசை, மேசையில் மணல்,
மணலைத் துடைத்துத் துடைத்துக் காகிதம்.
ஹார்கிரேவ் துரை சொல்லச் சொல்ல
நான் வலமிருந்து இடமாக எழுதுகிறேன்.

முதல் ஷரத்து:
கடலில் கொள்ளை இனி என்றென்றைக்கும் இல்லை.
இரண்டாம் ஷரத்து:
அரசு அறிவித்துச் செய்தால் அது போர்,
அறிவிக்காமல் செய்தால் கொள்ளை.

பேனா நின்றது.
"என்ன நெய்னா, வார்த்தை கிடைக்கவில்லையா?"
கிடைக்கிறது துரை.
போருக்கும் கொள்ளைக்கும் அரபியில் வார்த்தைக்குப் பஞ்சமில்லை.
எது அரசு என்று சொல்லப்போவது யார்,
அதற்குத்தான் தாளில் இடம் காணோம்.
இதைச் சொல்லவில்லை.
மை காய்ந்துவிட்டது என்றேன்.

மூன்றாம் ஷரத்து கொடி.
நடுவே சிவப்பு, சுற்றிலும் வெள்ளை,
வெள்ளையின் அகலம் சிவப்பின் அகலம்.
சிவப்பு அவர்களிடம் முன்பே இருந்தது.
வெள்ளை கப்பலிலிருந்து இறங்கியது.
மூட்டையைப் பிரித்தவன் நான்தான்.
கடலூர்க் கிடங்கின் முத்திரை,
சுருக்குக்குள் சுருக்காக நம்மூர்க் கஞ்சி மணம்.
எந்தத் தறிக்காரன்,
எந்த முன்பணத்துக்கு நெய்தானோ.
தையல்காரன் கத்தரித்தான்.
நான் அளந்து கொடுத்தேன்.

ஒட்டகம் கூடாரத்தில் மூக்கை நுழைத்த கதை சொல்வார்கள்.
இங்கே ஒட்டகம் வீட்டுக்காரனுடையது.
மூக்கை நுழைத்தது கப்பல்.

ஷேக்குகள் ஒவ்வொருவராக வந்தார்கள்.
ஒருவர் முத்திரை வைத்தார்.
ஒருவர் தாளைப் பார்க்கவே இல்லை,
துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டினார்.
அங்கே பீரங்கிகளின் வாய்க்குத்
தார்த்துணி கட்டியிருந்தார்கள்,
மரியாதைக்காக.

ஐந்தாம் ஷரத்து பதிவேடு.
ஒவ்வொரு படகுக்கும் ஒரு சீட்டு:
பெயர், நீளம், அகலம், எவ்வளவு சரக்கு தாங்கும்.
கேட்டால் காட்ட வேண்டும்.

வாப்பாவின் கப்பலுக்கும் இப்படித்தான் ஒரு சீட்டு வந்தது.
முதல் வருஷம் இனாம்.
அடுத்த வருஷம் கட்டணம்.
அதற்கடுத்த வருஷம் சீட்டு மட்டும் இருந்தது.

மாலையில் வரிசையின் கடைசியில் கல்ஃபான் வந்தான்.
முத்துக்குளிக்கும் படகின் நகுதா,
ஒரு காது கேட்காது,
வெடியினாலா முங்கியதாலா என்று அவனுக்கே தெரியாது.
படகு எங்கே என்றேன்.
வா என்றான்.

மணலில் ஒரு நீளமான கரித்தடம்.
அதன் ஓரமாக நடந்தான்,
கைகளை விரித்து விரித்துப் பாகம் அளந்தான்.
பதினொன்று நீளம்.
மூன்று அகலம்,
இல்லை, இந்தப் பக்கம் அலை தின்றுவிட்டது,
மூன்றரை என்று போடு.
எதற்கு, என்றேன்.
"சீட்டு இருந்தால்தானே
படகு வைத்திருந்தவன் என்று
நாளைக்கு எவனாவது நம்புவான்."

எழுதினேன்.
நீளம் பதினொன்று, அகலம் மூன்றரை.
பெயர் என்ற கட்டத்தில் கை தயங்கியது.
கல்ஃபானுக்கு எழுத்து தெரியாது.
துரைக்கு அரபெழுத்தில் ஒலி மட்டும் தெரியும்.
எங்கள் வீட்டுப் பெண்கள் கடிதம் எழுதுவார்களே,
அரபெழுத்தில் தமிழ்,
அப்படி ஒரு சொல் எழுதினேன்.

துரை விளக்கை அருகே இழுத்து
எழுத்துக் கூட்டி வாசித்தார்:
எ, ரித், தார், கள்.
"அழகான பெயர். என்ன பொருள்?"
தெரியாது துரை,
பழைய பெயராக இருக்கும் என்றேன்.
கம்பெனி முத்திரையை எடுத்து
மெழுகு சூடாறும் முன்
அழுத்தினார்.