ஐந்தாம் தசமம்

உட்துறைமுக வீதியில் மேல்மாடி அறை.
முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள் ஏறிவிட்டன.
அடுத்தது, நாய்க்கால் பதிந்த செங்கல்,
அறுபது வீதத்தில் நிற்கிறது.
கீழே தெருவில் மான்கள்
யாரோ எறிந்த அட்டைப்பெட்டியைத் தின்கின்றன.

காலம் என்ன என்கிறது படிவம்.
மூன்றாம் மண்படைக்கு மேல், சாம்பலுக்குக் கீழ் என்றெழுதினேன்.
ஏற்காதாம். நூற்றாண்டு வேண்டுமாம்.
எந்த இனத்தார் என்கிறது.
பட்டியலில் 'தெரியாது' இல்லை.
ஈரக் களிமண்ணில் ஓடிய நாயிடம்
யாரும் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.
'பிற' என்பதைத் தட்டினேன்.

பிறகு அமைவிடம்.

ஒரு தசமம் போட்டால்
கொட்டியாரக் குடாவே அதற்குள் அடங்கும்.
இரண்டில் ஒரு கிராமம்.
மூன்றில் ஒரு வட்டை, நான்கில்
ஹயாத்து லெப்பையின் வெங்காயப் பாத்தி.
ஐந்தில்
அவருடைய கிணற்றுக்கட்டு,
அதில் நாங்கள் கழற்றி வைத்த செருப்புகள்.

ஐந்தும் என் குறிப்பேட்டில் உண்டு.
வெயிலில் நின்று இரண்டு தரம் அளந்தவை.
மறைத்த தரவு பொய்க்குத் தம்பி என்பாள் சுபோதினி.
அவள் கொழும்பில் இருக்கிறாள்.
அங்கே புள்ளி வரைபடத்தில் மட்டும் விழும்.
இங்கே புள்ளியைப் பிடித்துக்கொண்டு
இரவில் மண்வெட்டி வரும், புதையல் கனவோடு;
பகலில் பெயர்ப்பலகை வரும்,
பின்னாலேயே எல்லைக்கல்.
எது வந்தாலும் வெங்காயம் போகும்.

மூன்று இலக்கங்களை அழித்தேன்.
அழித்ததையும் எழுதினேன்:
அமைவிடம் வேண்டுமென்றே மங்கலாக்கப்பட்டது.
காணிக்காரர் பெயர் என்ற கட்டத்தில்
ஒரு கோடு.

செங்கல் எழுபதைத் தொட்டபோது அழைப்பு.
நீர்ப்பம்பி இரைச்சலுக்கு மேலால் அவர் குரல்:
"எல்லாம் ஏத்தியாச்சா தங்கச்சி?
ஒலகமெல்லாம் பாக்குமா?"
"பாக்கும் காக்கா."
"அதுல என்ட பேரும் இருக்குதானே?
மொதல்ல கண்டது நான்.
நீங்க வாற வரைக்கும் சாக்குப் போட்டு மூடி
நாலு கிழமை தண்ணி விடாமப்
பாத்தியக் காயவெச்சதும் நான்."

சுட்டி அந்தக் கோட்டின்மேல் துடித்தது.
பெயரைப் போட்டால் பிறகு தசமம் எதற்கு?
இறங்குதுறையில் கேட்டாலே
சின்னப்பிள்ளையும் கிணற்றைக் காட்டும்.

"நாளைக்கு வாறன். நேர்ல கதைப்பம்."
"வாங்க. வெங்காயம் கிண்டுறம்,
ஒங்களுக்குக் கிண்டப் பழக்கம்தானே"
என்று சிரித்தார்.

தொடர்பு அறுந்தது, மீண்டும் முயல்க
என்றது திரை.
முயலவில்லை.