வெற்றுக்கூடு

நானூற்று ஐம்பது டாலர்.
ரேங்கலில் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தவர்
சமையலறைத் துண்டில் சுற்றிக் கொடுத்தார்.
ரசீது இல்லை. உறை இல்லை.
கைப்பிடியில் யாரோ ஆணியால் கீறிய இரண்டெழுத்து: ஆர். கே.
அவர் பெயரில் அந்த இரண்டுமே இல்லை.
நானும் கேட்கவில்லை.

நாற்பத்து நான்கு மேக்னம், ஆறு அறை.
இடுப்பில் மாட்டிய முதல் வாரம்
ஒருபக்கமாகச் சரக்கேற்றிய படகு போல நடந்தேன்.

எனக்கு வேலை மீன் எண்ணுவது.
ஓடைக்குக் குறுக்கே வேலி,
வேலியில் ஒரு சாண் திறப்பு.
இடது கையில் எண்ணுகருவி,
ஏறிப்போகும் ஒவ்வொரு சால்மனுக்கும் ஒரு க்ளிக்.
அதே மீனுக்காக
எதிர்க்கரைப் புதரிலும் ஆள் உண்டு.
பழுப்பு நிறம். கணக்கு எழுதுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சரளைக் குழிக்கு
கோரா ஸ்டென்ஸ்லிட் கூட்டிப் போனாள்.
கடல் விமானங்களுக்கு எண்ணெய் ஊற்றுகிறவள்,
மழையில் தொப்பி போடாதவள்.
சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து வைத்துக்கொண்டேன்.
விசை தொட்டதும் விட்டது.
காகிதத்தில் அழகான துளை.
"காகிதம் உன்னை நோக்கி ஓடி வராது" என்றாள்.
"கட்டைவிரலை எடு. விரலாலேயே முழுக்க இழு."

நீண்ட இழுப்பு அது.
விரல் போகப் போக
சுத்தியல் எழுகிறது,
உருளை புரள்கிறது,
அடுத்த அறை வந்து பூட்டிக்கொள்வது
எலும்பில் தெரிகிறது.
அதற்கப்பால் ஒரு மயிரிழை தூரம்.
அதற்கப்பால்
மலை என் மணிக்கட்டில் முட்டுகிறது.
காதடைப்பானை மீறி நெஞ்சுக்கூட்டுக்குள் ஒரு கதவு அறைகிறது.
மழைத்துளிகள் கூட ஒருகணம் ஒதுங்கிக்கொண்டது போல் இருக்கும்.

"திரும்பி நில்" என்றாள்.
முதுகுக்குப் பின்னால் தோட்டாக்களை அவளே நிரப்பினாள்,
உருளையை மூடி நீட்டினாள்.

ஒன்று.
இரண்டு.
மூன்று
க்ளிக்.

சத்தமில்லை, புகையில்லை.
ஆனால் குழல் நான்கு விரற்கடை தாழ்ந்து
என் பூட்ஸுக்கு முன்னால் சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது.
தோள் ஏறியிருந்தது.
கண் மூடியிருந்தது,
மூடினேன் என்று எனக்கே யாரும் சொல்லாமல்.

ஏற்கெனவே சுட்டு முடித்த வெற்றுக்கூடு ஒன்றை
நடுவில் சொருகியிருக்கிறாள்.
"துப்பாக்கி சும்மாதான் இருக்கிறது" என்றாள் கோரா,
"குதிக்கிறது யார், பார்."
சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

அந்தக் கோடை முழுவதும் அப்படித்தான்.
எந்த அறையில் எது என்று தெரியாமல் இழுப்பது.
பெட்டி தோட்டா அறுபது டாலர்,
சம்பளத்தில் பாதி அந்தக் குழியின் மேட்டுக்குள் கிடக்கிறது.
இரவில் காலித் துப்பாக்கியின் முனையில்
ஒரு நாணயத்தை நிறுத்தி வைத்து
விழாமல் இழுத்துப் பழகினேன்.
உப்புக்காற்றுக்குத் துரு ஏறாமல் எண்ணெய் துடைத்தேன்.
ஆர். கே. கீறலில் அழுக்கு சேரும்.
பல்துலக்கியால் அதை மட்டும் தனியாக.

ஆகஸ்ட் பதினேழு.
பதினான்கு அடி.
எப்போது உருவினேன் என்று நினைவில்லை.
எண்ணுகருவி கழுத்துக் கயிற்றில் ஆட,
இரண்டு கையும் பிடியில்,
முனையின் சிவப்புப் பொட்டு
நனைந்த மார்பு மயிரில் உட்கார்ந்திருந்தது.
சுத்தியல் பாதிக்கு மேல் ஏறியிருந்தது.
உருளை பூட்டிக்கொண்டது விரலுக்குத் தெரிந்தது.
அந்த மயிரிழைக்குள்
நாங்கள் இருவரும் மூச்சு விட்டோம்.
அதன் மூச்சில் மீன் நாறியது.

பிறகு அது தலையைத் திருப்பி
என் திறப்பில் நுழையவிருந்த ஒன்றைக் கவ்வி
அலட்சியமாக மேட்டில் ஏறியது.
விசையை அங்குலம் அங்குலமாகத் திரும்ப விட்டேன்,
இழுப்பதை விடக் கடினம் அது.

கோரா ஒன்றுதான் கேட்டாள்: "குழல் தாழ்ந்ததா?"
"சுடவே இல்லையே, எப்படித் தெரியும்?"
எண்ணெய்க் குழாயைச் சுருட்டிக்கொண்டே
"அதுவும் சரி" என்றாள்.

அன்றைய ஏட்டில் எழுதினேன்:
2.10 முதல் 2.13 வரை எண்ணவில்லை. காரணம், கரடி.
அலுவலகத்தில் சராசரி போட்டு
அந்த மூன்று நிமிடத்தை நிரப்பிவிட்டார்கள்.
பதினொரு மீன்.

இருக்கலாம்.