பல் வைத்தியம்

மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை
துரியால்பாவிலிருந்து கர்த்தாகோவுக்கு பஸ் ஏறுவேன்.
ஒன்றரை மணி நேரம்.
யாராவது கேட்டால், பல் வைத்தியம்.
மூன்று வருஷமாகப் பல் வைத்தியம்;
ஒரு பல்லும் இடம் மாறவில்லை.
நாத்தனார் ஓதிலி மட்டும்
என் வாயையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
பேசாமல் இன்னொரு கரண்டி பீன்ஸ் வைப்பாள்.

எங்கள் ஊரிலும் மருந்துக்கடை இருக்கிறது.
கல்லாவில் உட்கார்ந்திருப்பவள் சித்தி மகள் யென்ட்ரி.
அவளிடம் அந்தச் சீட்டை நீட்டினால்
நான் வீடு போய்ச் சேருமுன்
மாத்திரையின் பெயர் போய்ச் சேர்ந்துவிடும்.

இங்கே எப்படியிருக்கிறாய் என்று கேட்டால்
புரா விதா என்று சொல்ல வேண்டும்.
தூய வாழ்க்கை என்று பொருள்.
வணக்கத்துக்கும் அதுதான், நன்றிக்கும் அதுதான்,
சைக்கிளால் இடித்துவிட்டு நிற்காமல் போகிறவனும்
அதைத்தான் கத்திவிட்டுப் போவான்.
என் அண்ணன் கிரெய்வினும்
பாலத்துக்குப் போன அன்று சாயங்காலம்
ரொட்டிக்கடையில் அதைத்தான் சொல்லியிருக்கிறான்.
மீதிச் சில்லறையைக்கூட எண்ணி வாங்கினானாம்.
"நல்லாத்தானே இருந்தான்" என்கிறாள் ரொட்டிக்காரி
இன்றைக்கும், நான் கடைக்குள் நுழையும்போதெல்லாம்.

கால் வழுக்கிவிட்டது என்று
குடும்பமாக முடிவு செய்தோம்.
அன்று மழையே இல்லை.

எங்கள் எரிமலை புகைந்தால்
ரேடியோவில் சொல்கிறார்கள்:
இன்று மஞ்சள், நாளை ஆரஞ்சு ஆகலாம்,
மூக்கில் துணி கட்டுங்கள், மாடுகளைக் கீழே இறக்குங்கள்.
விஞ்ஞானிகள் ராத்திரியெல்லாம் விழித்து
அதன் முனகலைக் காகிதத்தில் கோடாக வரைகிறார்கள்.
உனக்கு என்ன குறை, கொஞ்சம் சிரியேன் என்று
மலையிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

நான் சேமிப்பு வங்கியில் வேலை செய்கிறேன்.
சுவரில் சிரிக்கும் சூரியன்,
அதன் கீழே: கவலைகளை வாசலில் விடவும்.
ஒட்டியவர் மேலாளர் கெய்லோர்.
திங்கள்தோறும் வட்டமாக நின்று
நன்றி சொல்ல ஆளுக்கு மூன்று விஷயம் சொல்ல வேண்டும்.
ஒரு வாரம் நான் மூன்று முறையும் காபி என்றேன்.
எல்லோரும் கைதட்டினார்கள்.
வாசலில் கவலையை விட்டுப் போவது சரி.
சாயங்காலம் அது சரியாக
என் செருப்புக்குப் பக்கத்திலேயே காத்திருக்கிறது,
வேறு யாரோடும் போகாமல்.

போன சனிக்கிழமை கர்த்தாகோவில்
மாடிப்படி ஏறி, மணியடித்து, உள்ளே போனால்
மீன்தொட்டிக்குப் பக்கத்து நாற்காலியில்
கெய்லோர்.
மடியில் தொப்பி. ஷூவில் சாம்பல்.
டை கட்டாத கழுத்து
வேறு யாருடையதோ போல ஒடுங்கியிருந்தது.

"பல்" என்றார்.
"எனக்கும்" என்றேன்.

கதவில் பெயர்ப்பலகை தெளிவாகத்தான் இருந்தது.
இருவரும் மீனைப் பார்த்தோம்.
அதில் ஒன்று கண்ணாடியை முட்டி, திரும்பி,
மறுபடி அதே இடத்தில் முட்டியது.
திரும்பும்போது ஒரே பஸ்.
அவர் முன்னால், நான் கடைசி வரிசையில்.
சுரங்கம்போல மூடிய மூடுபனியில்
அவர் தலை ஜன்னலில் இடித்து இடித்து வந்தது;
தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை வட்டம்.
சூரியன் சுவரில்தான் இருந்தது, கழற்றவில்லை.
காசாளர் பேரனுக்கு நன்றி சொன்னாள்,
காவலாளி கால்பந்துக்கு.
என் முறை வந்தது.
காபி என்று சொல்ல வாய் திறந்தேன்.

"பல் வலிக்கிறது" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். யாரோ
கிராம்பு வைத்துக் கடி என்றார்கள்.
கெய்லோர் கையிலிருந்த காகிதத்தை
நான்காக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.
பிறகு, வட்டத்துக்குக் கேட்காத குரலில்,

"எந்தப் பக்கம்?"